சுத்தமான அமைதி

காலையில் எழுந்ததும் முதலில் ஃபிரிட்ஜை அணைப்பேன். பிறகு ஜன்னல்களைச் சாத்துவேன். மின்விசிறியை நிறுத்துவேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே வைப்பேன். கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகுவேன். அதற்கப்புறம்தான் பல் துலக்குவது. இப்போது பதிவு செய்ய வீட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் கை பழகிவிட்டது. பால் தினமும் கெட்டுப்போகிறது. காப்பியில் ஊற்றித் திரிந்தால்தான் எனக்குத் தெரியும். நோய் வந்து போனதிலிருந்து வாசனை கிடையாது.

நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். வரிசை என்றால் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் ஒலிப்பதிவாளன். சத்தம் போடும் பொருள்களை ஒவ்வொன்றாக அணைப்பதுதான் என் தொழில். என் மனைவி பாடகி.

என்னை அவள் 'வயரு' என்று கூப்பிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மேடையில் நான் இழுத்துப் போட்டிருந்த வயர் தடுக்கி விழப் பார்த்தாள். "யாருப்பா அந்த வயரு?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். பெயர் நிலைத்துவிட்டது. எங்களுக்குள் சண்டை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. கச்சேரி நன்றாக இருந்தால் அவளைப் பாராட்டுவார்கள், கரகரத்தால் என்னைத் தேடுவார்கள். அது எல்லா ஒலிப்பதிவாளருக்கும் உள்ளதுதான்.

ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது இசை விழாவை என்ன செய்வதென்று கமிட்டி கூடியது. கணினித் திரையில்தான். செயலாளர் மைக்கைத் திறக்காமலே வெகுநேரம் பேசினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் வருஷா வருஷம் பேசுவது எல்லோருக்கும் மனப்பாடம். பொருளாளரின் முகத்துக்குப் பதில் அவர் வீட்டு சீலிங் தெரிந்தது. விழா நிற்காது என்று முடிவானது. கலைஞர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அதை நான் சீர்செய்து கொடுக்க வேண்டும்.

இணையத்தில் பார்ப்பதற்கும் முதல் வரிசை, நடு வரிசை, பால்கனி என்று பிரித்து டிக்கெட் விற்றார்கள். மூன்றுக்கும் வருவது ஒரே படம்தான். முதல் வரிசைதான் முதலில் தீர்ந்தது. பால்கனி வாங்கிய ஒருவர், பாடகர் கொஞ்சம் தள்ளித் தெரிகிறார் என்று புகார் கொடுத்தார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் இல்லாவிட்டால் துக்க வீடு மாதிரி இருக்கும் என்று பொருளாளர் சொன்னார். அதனால் பழைய கச்சேரிகளிலிருந்து கைதட்டலை வெட்டி ஒட்டினேன். அந்தக் கைதட்டலில் ஒரு இருமல் இருந்தது. விழாவின் புரவலர் ஒருவர், பாட்டு பிடித்தால் இருமுவார். இந்தக் காலத்தில் இருமல் பொருத்தமாக இராது, எடுத்துவிடு என்றார் செயலாளர். எடுத்தேன். மறுநாள் புரவலரின் மகன் போன் செய்தார். அப்பா தவறிவிட்டார், அந்த இருமலை மட்டும் விட்டுவையுங்கள், எங்களுக்கு அது ஞாபகார்த்தம் என்றார். திரும்பப் போட்டேன். இப்படித்தான் வேலை போய்க்கொண்டிருந்தது.

நிறைவுக் கச்சேரி எப்போதும் ஒரே ஆளுடையது. எல்லோரும் அவரை வெண்கலம் என்பார்கள், அப்படி ஒரு குரல். இந்த வருஷம் அவர் மறுத்துவிட்டார். "செவுத்தப் பாத்துப் பாட நான் என்ன பல்லியா?" என்று கேட்டாராம். அந்த இடம் என் மனைவிக்கு வந்தது. அவளுக்கு வந்தது என்றால் எனக்கும் வந்தது. இதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

படுக்கையறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினேன். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தேன். சுவரெல்லாம் போர்வை. வீட்டில் அவளுடைய மீன் தொட்டி இருந்தது. அதன் காற்று மோட்டார் மெல்லிசாக முனகும். காதுக்குக் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். அணைத்தேன். பதிவு முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிட்டேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்க வேண்டும். ஒன்றும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கவனித்திருப்பேன்.

அவள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஏன் வயரு, நாளைக்கு நான் கொறட்ட விட்டா என்னையும் ஆஃப் பண்ணிருவியா?"

நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

பழைய பதிவுகளை எடுக்க விழா அலுவலகத்துக்கு ஒருமுறை போனேன். பொருளாளர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பேசினார். மாஸ்க் போட்டால் உச்சரிப்பு கெடுகிறது என்றார். எனக்கு லேசாக வந்தது, வாசனையோடு போய்விட்டது. அவளுக்கு நெஞ்சில் இறங்கியது. அப்போது கச்சேரி முழுவதும் பதிவாகியிருந்தது, கடைசிப் பாட்டு ஒன்றைத் தவிர. அது மிக மெதுவான பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு நீளமாக வேண்டும்.

ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை. அவளுடைய அக்கா ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள், இரண்டு தெரு தள்ளி வீடு. யார் யார் காலையோ பிடித்து ஆக்ஸிஜன் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. அறைக் காற்றை உறிஞ்சி, பிராண வாயுவைப் பிரித்துக் குழாயில் விடும். ராத்திரியெல்லாம் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், காலையில் லேப்புக்குப் போவாள். போகும்போது தினமும் அதையே சொல்வாள்: "தம்பி, எது நின்னாலும் இது நிக்கக் கூடாது. சரியா? இடத்துக்கு அலஞ்சுகிட்டுத்தான் இருக்கேன், கெடச்சதும் கூப்புடுறேன்."

சரி என்றேன். நல்ல மெஷின்தான். ஆனால் பெரிய சத்தம். லாரி ஒன்று கூடத்தில் நிற்கிற மாதிரி உறுமல், அதற்கு நடுவே நடுவே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. தாளத்திலும் இல்லை.

செயலாளர் தினமும் போன் செய்தார். "தம்பி, வீட்ல ஒடம்பு எப்படி இருக்கு, ஃபைல் எப்ப வரும்?" என்பார். இரண்டு கேள்விக்கும் நடுவே மூச்சு விட மாட்டார். வெண்கலத்தின் சிஷ்யை ஒருத்தி முழுக் கச்சேரியையும் அனுப்பி வைத்துவிட்டாளாம். "அவசரமில்ல தம்பி, ஒடம்புதான் முக்கியம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

அவளிடம் சொன்னேன். குழாயை மூக்கிலிருந்து விலக்கி, "போதும், இதோட அனுப்பிரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "யாரு கடைசி வரைக்கும் ஒக்காரப் போறா? பாதிப் பேரு அடுப்படியில நிப்பாங்க" என்றாள்.

கடைசிப் பாட்டு இல்லாமல் நிறைவுக் கச்சேரி எப்படி நிறைவாகும் என்று நான் எடுத்துச் சொன்னேன். முழுசாகப் பாட வேண்டாம், வரி வரியாகப் பாடினால் போதும், ஒட்டுவது என் பொறுப்பு என்றேன். நாளைக்கு உடம்பு தேறியதும், ஏன் விட்டோம் என்று அவளே வருந்துவாள் என்றும் சொன்னேன். அவள் சம்மதித்தாள். சம்மதித்தாள் என்றால், மறுக்கவில்லை. மறுப்பதற்கும் மூச்சு வேண்டும்.

மறுநாள் அக்கா வேலைக்குக் கிளம்பியதும் ஃபிரிட்ஜை அணைத்தேன். ஜன்னல், விசிறி, கடிகாரம், துண்டு. போனைச் சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். அவளைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். மெஷினை அணைத்தேன்.

அவள் ஒரு வரி பாடினாள். மெஷினைப் போட்டேன். தேறியதும் மறுபடி அணைத்தேன். அடுத்த வரி. இப்படிச் சில வரிகள் நன்றாகவே போயின. ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் மெஷின் டொக்கென்று ஒரு உதை உதைத்துக்கொண்டு கிளம்பியது. அடிக்கடி போட்டு அணைத்தால் கெட்டுவிடும் என்று எனக்குப் பட்டது. இரவல் பொருள். அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் பாட்டின் பாதியிலிருந்து அதை அணைத்தே வைத்துவிட்டேன்.

உதடு நிறம் மாறியதா என்று கேட்டீர்கள். நான் திரையில் ஓடும் ஒலிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ருதி விலகவில்லை. அது உண்மையிலேயே ஆச்சரியம். கடைசி வரியை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள், பாடினாள் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் எனக்குப் போதுமானது கிடைத்தது.

இங்கே தொழில் விஷயம் ஒன்றை விளக்க வேண்டும். கடைசி ஸ்வரம் முடிந்ததும் உடனே நிறுத்தக் கூடாது. அந்த அறையின் அமைதியைக் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைதி உண்டு. வெட்டிய இடங்களில் அதைத்தான் பூசி மெழுகுவோம். அதனால் அசையாதே என்று கையை உயர்த்திக் காட்டினேன். அவளுக்கும் இது தெரியும். எத்தனையோ முறை செய்திருக்கிறோம்.

அமைதியின் நடுவில் அவள் பேசிவிட்டாள்.

பேசினால் அந்த அமைதி உதவாது. அதனால் கையை இறக்காமல் முதலிலிருந்து இன்னொரு முறை எடுத்தேன். இரண்டாவது மிக நன்றாக வந்தது. நான் இதுவரை எடுத்த அமைதிகளிலேயே சுத்தமானது அதுதான். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஃபைலைச் சேமித்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். மெஷினைப் போட்டேன். அது எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடியது.

போனை எடுத்தபோது அக்கா பலமுறை கூப்பிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்வதற்காக.

அந்த நாள்களில் யாரும் எதையும் கேட்கவில்லை. நோயின் பெயரைச் சொன்னால் போதும், தள்ளி நின்று தலையாட்டுவார்கள். செயலாளர் அழுதார், நிஜமாகவே அழுதார். அழுது முடித்ததும், அம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. 'இன்னொரு தடவை பாடட்டுமா?' என்று கேட்டாள் என்றேன். சாயங்காலத்துக்குள் அது அவள் படத்துக்குக் கீழே அச்சாகிவிட்டது. அடுத்த வருஷ விழாவுக்கும் 'இன்னொரு தடவை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நிறைவுக் கச்சேரி ஒளிபரப்பானது. ஒரு விமர்சகர், கடைசிப் பாட்டில் காட்டிய மூச்சுக் கட்டுப்பாடு இளைய தலைமுறைக்குப் பாடம் என்று எழுதினார். வரிகளுக்கு நடுவே இருந்த திணறல்களையெல்லாம் நான் எடுத்திருந்தேன். சாதாரணமாக என் பெயரை யாரும் போடுவதில்லை. அவர் போட்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் அஞ்சலியாக ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்றது கமிட்டி. இதில் ஒரு சிக்கல். திரையில் வெறும் மௌனத்தை விட்டால், நெட் போய்விட்டது என்று ஜனங்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள். உயிருள்ள மௌனமாக ஒன்று வேண்டும் என்றார் செயலாளர். என்னிடம் இருந்தது. கொடுத்தேன். 'அவர் கடைசியாகப் பாடிய அறையின் அமைதி, பாடி முடித்த அந்தக் கணத்தில்' என்று செயலாளர் அறிவித்தார், இந்த முறை மைக்கைத் திறந்துவிட்டு. பலர் உருகிப் போனார்கள். அமைதி இத்தனை துல்லியமாகக் கேட்டதே இல்லை என்று முதல் வரிசையிலிருந்து எழுதினார்கள். மௌனம் முடிந்ததும் பழக்க தோஷத்தில் யாரோ கைதட்டலை ஓடவிட்டுவிட்டார்கள். புரவலர் இருமினார்.

அக்காவுக்குச் சங்கீதம் தெரியாது. தங்கையின் கச்சேரிகளில் தூங்கிவிடுவாள். அன்றைக்குத் தூங்கவில்லை. ஒளிபரப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்: "தம்பி, அந்த ஒரு நிமிஷத்துல மெஷின் சத்தம் எங்க?"

தொழில்நுட்பத்தில் அதையெல்லாம் நீக்கிவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் அந்தப் பதிவில் நான் எதையும் நீக்கவில்லை. அதுதான் அதன் சிறப்பு. அதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் உங்களுக்குப் போன் செய்தாள்.

நான் மெஷினை அணைத்தேன். இரண்டாவது அமைதி முடியும்வரை போடவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அவளுடைய நல்லதற்குத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பாட்டு நிலைத்து நிற்கிறது. மூச்சு எப்படியும் யாருக்கும் நிலைப்பதில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்பதை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை என்று நீங்கள் குறித்திருக்கிறீர்கள். ஹெட்போன் மாட்டியிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. மைக்கில் விழுவதுதான் அந்த ஹெட்போனில் கேட்கும். மைக் அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நல்ல மைக். முதல் அமைதியை அன்றைக்கே அழித்துவிட்டேன், ஆனால் அதில் இருந்தது ஒன்றுதான். மெதுவாக, ஸ்ருதி விலகாமல், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல் சொன்னாள்:

"மெஷினப் போடு, வயரு."