தம்பிக்கு முழுமரக் கிட்டார்

இல்லண்ணே, எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசிங்க, நான் கேக்கறேன். முதல்ல வாசிச்சீங்கல்ல, அதையே வாசிங்க. ஒவ்வொரு கிட்டார்லயும் வேற வேற பாட்டு வாசிச்சா எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ம்... நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் காதுல குத்துது. அந்தச் சிவப்பு, சரி, மஹாகனி மரம், அத எடுங்க. இருங்க, இப்படிக் குடுங்க. இந்த நடு ஓட்ட ஓரத்தப் பாக்கணும். மேல தெரியற கோடு ஓரத்துலயும் அப்படியே உள்ள இறங்குது பாருங்க. அப்ப முழு மரம். பிளைவுட்டா இருந்தா புஸ்தகத்து ஓரம் மாதிரி அடுக்கடுக்கா தெரியும்.

யாரும் சொல்லித் தரல. எங்க வீட்ல ஒண்ணு உடைஞ்சுது, அதுல பாத்தேன். மூணு அடுக்கு. பாவம், தம்பி அத முழு மரம்னு நம்பித்தான் வச்சிருந்தான். வித்தவன் அப்படிச் சொல்லியிருக்கான்.

ஆமா, தம்பிக்குத்தான். என்னவிட ஒம்பது வயசு சின்னவன். அம்மா போனப்புறம் நான்தான் குளிப்பாட்டி, தல சீவி, ஸ்கூலுக்கு அனுப்பினது. இப்ப வெளியூர்ல லிஃப்ட் ரிப்பேர் பாக்கறான். ஆறு வருஷமா வீட்டுப் பக்கம் வரல. இன்னைக்கு நாலு மணி ரயிலுக்கு வர்றான்.

அப்பாவப் பாக்கத்தான். போன மாசம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கை கால் பரவால்ல, புடிச்சுப் புடிச்சு நடக்கறாரு. பேச்சுதான் போயிருச்சு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

தம்பி வராததுக்கா? அந்த உடைஞ்ச கிட்டார்தான் காரணம், வேற என்ன. அப்பா முப்பது வருஷம் லேத் பட்டறைல நின்ன மனுஷன். வீட்டுக்கு வந்தா ஒரு சத்தம் ஆகாது. இந்தப் பெட்டிய ஒரு நாள் அடுப்புல வைக்கிறேன் பாருன்னு தெனம் ஒரு தடவ சொல்லிருவாரு. சொல்றதோட சரி. இவனும் சிரிச்சுக்கிட்டே மாடிப்படில போய் உக்காந்து வாசிப்பான். ஒரு நாள் சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து பாக்கறான், கட்டில்மேல ரெண்டு துண்டா கெடக்கு. நேரா அப்பாகிட்ட வந்து, நீங்கதானேன்னான். அவரு காபி குடிச்சுக்கிட்டிருந்தாரு. டம்ளரக் கீழ வச்சுட்டு, ஆமாடா, நான்தான், இப்ப என்னங்கறேன்னாரு. அரை மணி நேரத்துல இவன் பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான்.

எங்கிட்டப் பேசுவான். ஞாயித்துக்கிழமை தவறாம போன் வரும். அப்பா எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்த வராது. அக்கா, எனக்குன்னு நீ ஒருத்திதான் இருக்கேம்பான். நானும் ம்-னு கேட்டுக்குவேன்.

இன்னொரு தடவ வாசிங்கண்ணே. ம்... இதுதான். நீங்க நிறுத்தினப்புறமும் மேசைல கை வச்சா அதிர்வு தெரியுது. இதையே எடுத்துக்கறேன். வெயில்ல வச்சா விரிஞ்சிருமா? சரி, சொல்லிடறேன்.

அய்யோ, அப்பா வாங்கித் தரச் சொல்லலண்ணே. அவரால எங்க சொல்ல முடியுது. சொல்ல முடிஞ்சப்பவும் ஒண்ணும் சொல்லல. அவரு உடைச்சிருந்தாத்தானே.

நான்தான்.

எனக்கு அப்ப ராத்திரி ஷிப்ட். மருந்துக் கம்பெனில பேக்கிங். அன்னைக்குக் காலைல, எங்கிட்ட வேல கத்துக்கிட்ட பொண்ண எனக்கு மேல சூப்பர்வைசராப் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. அவன் வாசிச்சுக்கிட்டிருந்தான், அந்தக் கோவத்துலன்னு சொல்லக்கூட வழியில்ல. அவன் வீட்லயே இல்ல. அது பாட்டுக்குக் கட்டில்மேல சும்மா கெடந்துச்சு. எடுத்து ஜன்னல் கட்டைல ஓங்கி அடிச்சேன்.

அப்பா அன்னைக்கு சீக்கிரம் வந்துட்டாரு. அதப் பாத்தாரு, என் கையப் பாத்தாரு. உள்ளங்கை பூரா சிராய் ஏறி ரத்தம். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, ஊசி எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தாரு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. அப்புறம் தம்பி வந்து அவரக் கேட்டப்ப, நான் சமையலறை வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன். கைல துணி சுத்தியிருந்துச்சு. அவன் அதக் கவனிக்கல.

நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு ஆறு வருஷம் ஓடிருச்சு. இப்ப அப்பாவாலயும் சொல்ல முடியாது. அவன் வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி, ஸ்டேஷன்லயே சொல்லிடணும். இதக் குடுத்துட்டுச் சொல்றதா, சொல்லிட்டுக் குடுக்கறதான்னுதான் வர்ற வழியெல்லாம் ஒரே யோசன. சொல்லிட்டுத்தான் குடுக்கணும், இல்லண்ணே?

உறை போட்டே குடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அவன் வாங்கமாட்டேன்னுட்டா, நீங்க திருப்பி எடுத்துக்குவீங்களா?