சேவூர் முற்றத்தில் திருத்திச் சொன்ன சொல்

கருப்பையின் நுண்மொழி கற்ற கல்விக் கடலே! குதிரைக் குலம் தழைக்கக் குன்றாது உழைத்த குணக்குன்றே! எங்கள் கால்நடை இனப்பெருக்க ஆய்வு நிலையத்திலிருந்து இன்று ஓய்வு காணும் முனைவர் சாரதாமணி அம்மையாரே, வணக்கம்!

இணைசேர்க்கைக்குப் பின் பெட்டைக்குதிரையின் கருப்பையில் எந்த மரபணு விழிக்கிறது, எது உறங்குகிறது என்று ஆராய்ந்த தங்கள் புலமையை அயலாரும் அறிவர். அறியாத ஒன்றை அவையோருக்குச் சொல்கிறோம்.

சேவூரில் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமி ஆசையாய் வளர்த்த குதிரை, பலமுறை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. பார்க்கப் போன அம்மையார், முற்றத்தில் உறவினர் கூடியிருக்க, கையுறையைக் கழற்றியபடி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொலிக்குதிரை மேல குத்தமில்லீங்க. இவதான் மலடு. தீனி போட்டு என்ன பிரயோசனம்? வித்துருங்க."

லிங்கசாமியின் மனைவி செல்லாத்தாள், காபித் தட்டோடு நின்ற மருமகள் அனுப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா கண்ணு?" என்றார். தட்டை வைத்துவிட்டு அந்தப் பெண் உள்ளே போனாள்.

ஜீப்பில் திரும்பும்போதுதான் ஓட்டுநர் இளங்கோ சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு ரொம்ப வருசமா கொழந்தை இல்லீங்க மேடம்."

ஆய்வகச் சோதனை எதுவும் செய்யாமலே ஓர் உயிரின் உடம்பை நாலு பேர் நடுவே கேலி செய்தோமே என்று அம்மையாருக்கு மனம் சுட்டது. அனுப்பிரியா அன்றே வேலம்பாளையத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேட்டபோது கூனிக் குறுகிப்போனார்.

குதிரையை மறுபடி சேர்த்து, கருப்பைச் சவ்வில் ஒரு துணுக்கெடுத்துத் தாமே ஆராய்ந்தார். சேர்க்கைக்குப் பின் எல்லாக் குதிரைக்கும் கருப்பையில் கொஞ்சம் அழற்சி உண்டாகும். அதை அடக்கும் மரபணுக்கள் விழித்ததும் தணியும். இந்தக் குதிரைக்கு அவை பிந்தி விழித்தன, அவ்வளவுதான். சேர்த்த சில மணி நேரத்தில் கருப்பையைக் கழுவிவிட்டால் தீரும் குறை.

போனில் சொல்லியிருக்கலாம். அவரோ, உறவினர் கூடிய இன்னொரு நாளில் அதே முற்றத்துக்குப் போனார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. அந்தச் சொல்லைச் சொன்னதுக்கு வெக்கப்படறேனுங்க."

"குதிரையைத்தானே சொன்னீங்க, அதுக்கென்னங்க?" என்றார் செல்லாத்தாள்.

"நீங்க திரும்பிப் பாத்தது குதிரையை இல்லீங்களே."

அம்மையார் அங்கிருந்து நேரே வேலம்பாளையம் போனார். முற்றத்தில் பேசியதைச் சொன்னதும் அனுப்பிரியா வாசலில் நின்றே கேட்டாள்: "அங்க போய்ச் சொன்னது சரிங்க. ஆனா அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே, அதை நான் என்ன பண்றதுங்க?"

அம்மையார் தலை குனிந்து நின்றுவிட்டு வந்தார்.

குதிரை மறு ஆண்டு குட்டி ஈன்றது. அனுப்பிரியா சேவூருக்குத் திரும்பவில்லை. கணவர் தரணீதரன்தான் வேலம்பாளையத்துக்கே குடிவந்தார். மலடு என்ற சொல் அதன்பின் எங்கள் நிலையத்தில் எவர் வாயிலும் வந்ததில்லை.

அம்மையாரே! இதை மடலில் சேர்க்க வேண்டாமென்று மன்றாடினோம். "வெறும் புகழ்ச்சியா வாசிச்சீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்" என்றீர்கள். வாசித்துவிட்டோம். அமர்ந்திருங்கள் தாயே! நோயின்றி, நெடுங்காலம், எங்கள் நடுவே அமர்ந்திருங்கள்!

அன்பில் நெகிழும்,
ஆய்வு நிலையப் பணியாளர்கள்