நான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம்

உங்கள் விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது, சார். அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். இந்த நாற்காலியே போதும், என் முதுகுக்கு இதுதான் நல்லது. டீயெல்லாம் வேண்டாம்.

நான் உலாவி செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இணையத்தில் நீங்கள் எதைத் திறந்தாலும் ஏதோ ஓர் உலாவிதான் அதைத் திரையில் வரைந்து காட்டுகிறது. பக்கத்தை எழுதுகிறவர் வேறு, வரைகிற உலாவி வேறு. பெட்டி இவ்வளவு அகலம் என்று அவர் எழுதினால் எல்லா உலாவிகளும் அதே அகலத்தில் வரைய வேண்டும். அதற்கென்று பொது விதிகள் உண்டு. எங்கள் உலாவி மட்டும் அதில் ஒரு விதியைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தையும் அகலத்துக்குள்ளேயே எண்ணிவிடும். உள்ளே இடம் குறையும், கடைசி வரி கீழே நழுவிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அதனால் பக்கம் எழுதுகிறவர்கள் எங்கள் உலாவிக்காக மட்டும் தனியாக நாலு வரி சேர்ப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒட்டு. எட்டு வருடமாக உலகமே எங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையும் பக்கம் எழுதுகிறவள்தான். வீட்டில் அவள் சின்னது, நான் பெரியது. எங்களுக்கு வேறு பெயர்கள் இருந்ததே அப்பாவுக்கு மறந்துபோயிருக்கும். ஒட்டுப் போட்டு அலுத்துப்போய்ச் சின்னது ஒரு சோதனைப் பக்கம் எழுதினாள். எண்பது பெட்டிகள். விதிப்படி அடுக்கினால் விரித்த குடை ஒன்று தெரியும். எங்கள் உலாவியில் திறந்தால் கம்பி முறிந்து துணி கிழிந்து தொங்கும். அந்தப் படத்தோடு, விதியை மதியுங்கள் என்று எங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம். நாற்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் உலாவிக்கு ஓட்டைக்குடை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

"மேடம், வெளியில மழை தூறுது. நம்ம கம்பெனிக் குடையில போனா நனையாம போயிரலாமா?" என்று லிஃப்டில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டார்.

"அந்தக் குடைப் பொண்ணு உங்க தங்கச்சியாமே?"

"ஆமா சார்."

"என்ன மூளைங்க! இத்தனை வருஷத்துல இங்க ஒருத்தர் கண்ணுலயும் இது படலையே."

பட்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தமும் எழுதி, இதே மேலாளரின் மேசையில் வைத்தவள் நான். "பழைய பக்கமெல்லாம் ஆடிப்போயிடும், விடுங்கம்மா" என்றார். விட்டேன். இதையெல்லாம் இப்போது போய் நினைவுபடுத்துவது அழகில்லை என்று பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் சின்னதின் பேட்டி வந்தது. அப்பா அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"அப்பா, எனக்கு வேலை கிடைச்சப்போ ஒரு கடிதம் வந்துதே, அது எங்க?"

"எங்கயாவது பத்திரமா இருக்கும்மா. கொஞ்சம் தள்ளு, படம் கோணலா இருக்கு பாரு."

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். படம் கோணலாகத்தான் இருந்தது. நானே நேராக ஒட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்துக்குள் குடை ஒழுங்காக விரிய வேண்டும் என்று மேலாளர் சொன்னார். முறையாகத் திருத்த ஆறு மாதமாவது ஆகும். நான் பதினொரு வரி எழுதினேன். திறக்கப்படுவது அந்தச் சோதனைப் பக்கமா, அப்படியானால் விதிப்படி எண்ணு. வேறு எந்தப் பக்கமானாலும் பழையபடியே எண்ணு. அவ்வளவுதான். குடை அழகாக விரிந்தது. மேலாளர் கைதட்டினார். இருபத்திரண்டு வருட அனுபவக்காரி எழுதியதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

என் கணக்கு மிகச் சாதாரணமானது. அவள் வெற்றி வெற்றி என்று அறிவிப்பாள். ஒரு வாரத்தில் யாராவது குட்டை உடைப்பார்கள். கொஞ்ச நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பாள். ஒரு அக்கா இவ்வளவுகூட ஆசைப்படக் கூடாதா?

புது உலாவி வெளியானதும் சின்னதும் கையெழுத்துப் போட்டவர்களும் அதைப் பெரிதாகவே கொண்டாடினார்கள். ஒரு திங்கட்கிழமை ஒட்டு எடுக்கும் நாள் என்று வைத்தார்கள். அவரவர் எழுதிய பக்கங்களில் இருக்கும் ஒட்டையெல்லாம் எல்லோரும் ஒரே காலையில் எடுத்துவிடுவது. அன்று அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் கூட்டத்துக்கு வந்துட்டேன், இன்னும் பத்து நிமிஷத்துல மேடை ஏறணும். ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்துப் பக்கத்துல ஒட்டை எடுத்துட்டேன். உங்க பிரவுசர்ல ஒரு தடவை திறந்து பாரேன்."

"நீ பாக்கலையா?"

"குடையில பார்த்தேன், சூப்பரா இருக்கு. இருந்தாலும் அது ஆஸ்பத்திரி விஷயம். நீ ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதி. ஒரு வரி நழுவினாலும் உன் கண்ணுக்குத் தப்பாதுக்கா."

அந்த ஆஸ்பத்திரிக் கணினிகளில் எங்கள் உலாவி மட்டும்தான் உண்டு. மருந்துப் பக்கத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி. பெயர், வயது, படுக்கை எண், கொடுக்க வேண்டிய மருந்து. கடைசியாக மஞ்சள் நிறத்தில் ஒரு வரி, ஒவ்வாத மருந்து என்னவென்று. அவள் பழகிப் பார்க்க வைத்திருந்த மாதிரி நோயாளியைத் திறந்தேன். நாலு வரி இருந்தது. மஞ்சள் வரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை, சுத்தமான வெள்ளை. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"சரியா இருக்கு" என்றேன்.

"என் தங்க அக்கா!" என்றாள். கூட்டத்தின் இரைச்சல் போனில் கேட்டது.

மூன்று நாள் கழித்து அப்பாவுக்குக் காலில் கண்ணாடி குத்திச் சீழ் வைத்துவிட்டது. சின்னது வெளியூரில், இன்னொரு கூட்டத்தில் இருந்தாள். லீவு போட்டுவிட்டு அப்பாவை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் நான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெனிசிலின் ஊசிக்கு அப்பாவின் முகம் வீங்கி மூச்சுத் திணறியபோதும் அங்கே தூக்கிக்கொண்டு ஓடியவள் நான்தான். அந்த விவரத்தை அப்போதே அவர்களிடம் சொல்லிப் பதிய வைத்தவளும் நான்தான்.

காலை பதினொரு மணி இருக்கும். நர்ஸ் தள்ளுவண்டியில் கணினியோடு வந்தார். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அப்பாவின் பெட்டியில் நாலு வரி இருந்தது. நாலாவது வரியில் இருந்தது பெனிசிலின்.

"ஐயா, ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டுங்களா?"

"எல்லாம் அதுலயே இருக்கும்மா, பாருங்க. அந்தப் பக்கத்த எழுதினதே என் சின்ன பொண்ணுதான். பேப்பர்லகூட வந்துது."

"அட, அப்படியா? கொடுத்துவெச்சவங்க நீங்க." நர்ஸ் திரையைப் பார்த்தார். பெட்டி சுத்தமாக இருந்தது. தலையாட்டிக்கொண்டே ஊசியை எடுத்தார். பிறகு மரியாதைக்கு என்னைப் பார்த்து, "இவங்க?" என்றார்.

"மூத்தவ."

"நீங்க என்ன பண்றீங்க மேடம்?"

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு இரண்டு விஷயங்கள் இருந்தன. அதற்குள் அப்பாவே பதில் சொல்லிவிட்டார்.

"அவளும் ஏதோ கம்ப்யூட்டர்லதான் உக்காந்திருப்பா."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா கையை நீட்டினார். மருந்து ஏறி முடிய நாற்பது நொடி ஆகியிருக்கும். சுவரில் பெரிய கடிகாரம் இருந்ததால் சொல்கிறேன். பேச்சில் குறுக்கிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமில்லை, சார். அப்புறம் நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நர்ஸ் மீது குற்றமில்லை. அவர் ஓடி ஓடி எல்லாம் செய்தார். அப்பா கடைசியாகக் கேட்டது, "சின்னதுக்குச் சொல்லியாச்சா?"

இப்போது அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதைப் படித்தேன். முழுக்கத் தன் தவறு, குடையைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள். எனக்குப் போன் செய்ததையோ, நான் சரி என்று சொன்னதையோ எங்கேயும் காணோம். அவள் எப்போதுமே அப்படித்தான். பழியைக்கூட அடுத்தவருக்கு மிச்சம் வைக்க மாட்டாள்.

அந்தப் பதினொரு வரிகளின் பிரதி இந்த உறையில் இருக்கிறது. என் பெயரும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். மஞ்சள் வரி இல்லாததை இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் சொல்லவில்லை. கேட்டால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் வந்த விஷயம் அதுவல்ல. நான்காம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி: "உலாவியின் இப்பிழையை முதன்முதலில் கண்டறிந்தவர் இறந்தவரின் இளைய மகள்." இதோ, ஒன்பது வருடத்துக்கு முந்தைய என் கடிதம். தேதி பாருங்கள். இளைய என்பதை அடித்துவிட்டு மூத்த என்று போடுங்கள், சார். மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.