ஜாடியில் இருந்த தண்ணீர்

நவம்பர் மாதம், மாலை ஐந்து மணி... நம் பிரிட்டனியில் அப்போதே கும்மிருட்டு. ஆலைக்குப் போகும் ஆற்றோரப் பாதையில் சோவாஸ் தனியாகப் போகிறாள். கக்கத்தில், கம்பளியில் சுற்றிய ஒரு படம். அதிலிருந்து சொட்டு... சொட்டு... ஈரச் சாயத்தின் வாடை.

இந்த சோவாஸ் நம் ஜோப்பின் பாட்டனுக்கு அக்கா. நம்பாதவன் போய் அவனையே கேட்டுக்கொள்ளட்டும். போகிறவன் கதவைச் சாத்திவிட்டுப் போகட்டும், குளிர்கிறது.

படம் அவள் மகள் அசெனோருடையது. ஒன்பது வயது. மாடியில் குடியிருந்த பாரிஸ் ஓவியர் வரைந்தார். மரத்துக்குச் சிவப்பும் முகத்துக்குப் பச்சையும் பூசுகிற ஆள்.

“எம் பொண்ணு என்ன முட்டைக்கோசாங்க?” என்பாள் சோவாஸ்.

பிள்ளை நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருக்கும். “இப்ப அசையலாமா?”

“இன்னும் கொஞ்சம் இரு,” என்பார் அவர்.

படம் முடியவில்லை. காய்ச்சல் முந்திக்கொண்டது... அன்று ஓவியர் சாயம் வாங்க வெளியூர் போயிருந்தார்.

உயிர் பிரிந்த வீட்டில் நாம் என்ன செய்வோம்? பானை, வாளி, பால் செம்பு, எல்லாவற்றையும் கவிழ்ப்போம். புறப்படுகிற உயிர் தண்ணீரில் விழுந்து மூழ்கிவிடக் கூடாது. தகப்பன் கடலில் போனவன். மகளாவது மூழ்காமல் போகட்டும் என்று சோவாஸ் அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் கவிழ்த்தாள். பூட்டிய மாடியறையில், தூரிகை கழுவும் ஜாடி மட்டும் நிறைந்திருந்தது. பாவம், அவளுக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வந்தவர் அந்தத் தண்ணீரைத் தொட்டே முகத்தை முடித்து அவளிடம் கொடுத்தார். படம் காயவேயில்லை. ராத்திரியில், சுவரிலிருந்து குரல்... “இப்ப அசையலாமா?”

சோவாஸ் மாடியேறினாள். “ஜாடித் தண்ணிய எப்ப மாத்துனீங்க?”

“மாத்தலையே. நிறைய இருந்துச்சே.”

அப்படியானால் பிள்ளை விழுந்தது அந்த ஜாடியில். பிள்ளையை எப்படியாவது அந்தத் தாளிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாதையில் போனாள். ஆற்றில் முழங்கால்வரை இறங்கி, படத்தை அமிழ்த்திக் கழுவினாள். பச்சை போனது... கண் போனது... வெறும் தாள்.

“போ கண்ணு, போயிரு,” என்றாள்.

அப்புறம்தான் உறைத்தது, எங்கே கழுவினோம் என்று.

விடிந்ததும் ஜோப்பின் பாட்டன் தேடிப் போனார். அக்கா கரையில் நின்று, ஆலை வாளியால் ஆற்றை மொண்டு மொண்டு புல்லில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்கு வாக்கா.”

“இருடா. காலி பண்ணிட்டு வந்துர்றேன்.”

அவர் வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளிருந்து...

“அம்மா, இப்ப அசையலாமா?”

சோவாஸ் வாளியை வாங்கி, புல்லில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் இரு,” என்றாள்.