மற்றக் கையின் வேலை

"ஒத்தைக் கையால புடிக்கிற தட்டு இருக்கா எண்டு தம்பிக்கு எழுதுவம்."

எண்பதுகளில் ஒரு நாள், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அவர் ஒரு தச்சு ஓடாவி. வாள் மெசினில் நரம்பறுந்த இடது கை மடியில் அசையாமல் கிடந்தது. சவூதியிலிருந்து அவளுடைய தம்பி அனுப்பிய, பலகை ஓரம் சீவுகிற றவுட்டர் மெசினின் தட்டைப் பற்றித்தான் பேச்சு.

"இருக்கிற அடித்தட்டு சின்னன். பலகை ஓரத்தில நிக்காமச் சரியிது. ஒட்டின ஃபோமைக்காப் பட்டியச் சீவப் போனா பலகையையும் வெட்டிப்போடுது. ரெண்டு அலுமாரி திரும்பி வந்திட்டு. இன்னும் ஒண்டு வந்தா, பட்டறைக்கு ஆரும் வரமாட்டாங்க."

"அப்ப அகலமான தட்ட அனுப்பச் சொல்லுவம்."

"அதுல ஒரு பக்கத்தால கைபிடி இருக்கு. ஒரு கை மெசினத் தள்ள, மற்றக் கை அந்தப் பிடிய அமத்தணும். எனக்கு எங்க மற்றக் கை?"

பாலமுனை தாண்டியதும் அவள் சொன்னாள்:

"அகலமானதையே எழுதுங்க. பிடிய நான் அமத்துறன்."

"பொஞ்சாதிட கையால வேல செய்யிறான் எண்டு ஊரெல்லாம் கதைக்கும்."

"கதவச் சாத்திப்போட்டுச் செய்வம்."

கல்முனையில் இறங்குவதற்கு எழும்பியபோதுதான், அவர் அவள் முகத்தைப் பாராமல் கேட்டார்:

"நீ எந்தக் கையால அமத்துவாய்?"