அடுத்த வீட்டு இரைச்சல்

எங்கள் மனையின் குறுக்கே படுத்துக் கைகளை விரித்தால் இரண்டு பக்க வேலியையும் தொட்டுவிடலாம் என்று என் மனைவி மோரீன் சொல்லிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் மிகைதான். நியூகாசிலில் பழைய உருக்காலைத் தெருக்கள் எல்லாமே அப்படித்தான், மேடம். ஒரு வீடு, ஒரு எலுமிச்சை மரம், குடை மாதிரி சுற்றுகிற ஒரு துணிக்கொடி, அதோடு நிலம் தீர்ந்துவிடும். சாதாரண மனிதனுக்கு அது தாராளம். உலகத்தின் மறுகோடியில் இருப்பவனோடு பேச நினைக்கிற அமெச்சூர் ரேடியோக்காரனுக்குத்தான் போதாது. அவனுக்கு நீளமான கம்பி வேண்டும், உயரம் வேண்டும்.

நான் முயன்று பார்க்காத வழி இல்லை. கூரையோரத்துத் தகரத் தூம்பை ஆன்டெனா ஆக்கினேன். துணிக்கொடியையும் விட்டுவைக்கவில்லை. ஈரத்துண்டை எடுக்கப் போன மோரீனுக்கு விரலில் சுருக்கென்றது. அன்று டூவூம்பாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனவள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு உயரமான கம்பம் நட நகராட்சியில் அனுமதி கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் பார்வைக்கு இடைஞ்சல் என்று மறுத்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான் மெர்வின் பாஸ்கோ. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"என் பார்வைக்கு உன் மூஞ்சியே பெரிய இடைஞ்சல்டா, லிண்ட்சே. இதுல கம்பம் வேறயா? என் ஜக்கராண்டா மரம் சும்மாதான நிக்குது. கம்பியோட அந்த முனைய இதுல கட்டிக்கோ."

கயிற்றை மரத்துக்கு மேலே அனுப்ப உண்டிவில்லில் தூண்டில் ஈயத்தை வைத்து அடித்தவனும் அவன்தான். முதல் அடி அவன் வீட்டுச் சலவை அறைக் கண்ணாடியில் விழுந்தது. அவன் மனைவி கோரல் ஒரு வாரம் எங்கள் இருவருடனும் பேசவில்லை. அப்படிப்பட்ட நண்பன். நீங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யாரையும் வெறுத்து எதையும் செய்தவன் அல்ல.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரோடு பேசினாலும், அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று எண்ணில் சொல்ல வேண்டும். ஐந்து-ஒன்பது என்றால் பிரமாதம், இதற்கு மேல் இல்லை. நடைமுறையில் எல்லோருக்கும் ஐந்து-ஒன்பதுதான். "ஐந்து-ஒன்பது, அற்புதமாகக் கேட்கிறது" என்று சொல்லிவிட்டு, "மன்னிக்கணும், உங்க பேரை இன்னும் நாலு தடவை சொல்ல முடியுமா?" என்போம். உபசாரம். மெர்வ் இதைக் கேட்டு, "கோரலோட சமையலுக்கு நான் குடுக்கற மார்க்கும் இதேதான்டா" என்றான்.

ஆலையில் ஆயுள் முழுக்க விழுங்கிய தூசி போன வருஷம் மெர்வின் நுரையீரலைத் தீர்த்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மெஷின் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அது ஓடத் தொடங்கியதும் என் ரேடியோவில், வாணலியில் சாசேஜ் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்கடியில் உலகமே மூழ்கிப்போனது.

நான் முறையாகத்தான் தொடங்கினேன். மெஷினின் ஒயரில் இரைச்சலை அடக்கும் காந்த வளையங்களை மாட்டினேன்.

"என்னடா, மெஷினுக்கு மோதிரம் போடுற? மோரீனுக்குத் தெரியுமா?" என்றான் மெர்வ், மூக்குக் குழாயோடு.

"மெஷினை அந்தப் பக்கச் சுவரோரமா வெக்கலாமா?"

"எங்க வேணா வை. ஆனா நிக்காமப் பாத்துக்கோ. இது நின்னுச்சுன்னா நான் இந்த ரூமை விட்டு ஹால்ல இருக்கற சிலிண்டர் வரைக்கும் போகணும். இப்ப எனக்கு ஹால்ங்கறது சிட்னி மாதிரி தூரம்."

இருவரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அவனுக்கு மூச்சு வாங்கியது. வளையங்களால் பெரிய பயனில்லை.

ஆன்டெனாவை மேம்படுத்த இரண்டே வழிதான், மேடம். ஒன்று உயர்த்த வேண்டும். நகராட்சி விடவில்லை. இல்லையென்றால் சுற்றியுள்ள இரைச்சலைக் குறைக்க வேண்டும். இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, எங்கள் ஆட்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் ஓடும் ரேடியோவில் கேட்பார்கள். எங்கள் தெருவில் சுவிட்ச் பெட்டி வெளிச்சுவரில் இருக்கும், பூட்டு கிடையாது. மெர்வின் பெட்டி வேலிக்கு மேல் கையை நீட்டினால் எட்டும். குறுகிய மனையில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி.

முதல் முறை சில நொடிகள்தான், பரிசோதனைக்காக. கூட்டம் நிறைந்த அறையில் எல்லோரும் ஒரே சமயம் வாயை மூடிய மாதிரி இருந்தது. அந்த அமைதியில் சிலி நாட்டுக்காரர் ஒருவர் தன் தக்காளிச் செடிகளைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இலைப்புழு தொல்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு அவ்வப்போது செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடியிருக்கலாம். கோரல் மின் நிறுவனத்துக்குப் போன் செய்து சண்டை பிடித்தாள். கம்பங்கள் பழசு, அதுதான் காரணம் என்று நான் ஆறுதல் சொன்னேன். மறுநாள் எனக்குப் பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி செய்து கொண்டுவந்தாள். இன்னும் சூடாக இருந்தது.

பிறகுதான் அந்தத் தீவு. தெற்குப் பெருங்கடலில் பென்குயின்கள் மட்டும் வாழ்கிற ஒரு பாறை. எப்போதோ ஒருமுறை எங்கள் இனத்துப் பைத்தியங்கள் சிலர் கப்பலேறிப் போய் அங்கே கூடாரம் அடித்து ரேடியோ வைப்பார்கள். என் வயதில் அடுத்த முறைக்குக் காத்திருக்க முடியாது. வந்த நாளிலிருந்து கூப்பிட்டேன். அவர்கள் பதில் சொன்னார்களா இல்லையா என்பதே சாசேஜ் சத்தத்தில் தெரியவில்லை. கடைசி நாளும் வந்தது. பொழுது சாயும் கொஞ்ச நேரத்தில்தான் தொலைதூர அலைகள் நன்றாக வரும்.

கோரல் கிளப்பில் இறைச்சித் தட்டு பரிசாக விழும் குலுக்கலுக்குக் கிளம்பினாள். வேலியோரமாக நின்று, "மெர்வ் தூங்கறான். கொஞ்சம் காது குடுத்து வெச்சுக்கோ, லிண்ட்சே. சீக்கிரம் வந்துருவேன்" என்றாள்.

"கவலப்படாமப் போயிட்டு வா."

போய்ப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தான். நாற்காலியில் சாய்ந்து, டிவியில் கிரிக்கெட் ஓட, வாயைத் திறந்து நிம்மதியாகத் தூங்கினான். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் சுவிட்சை இறக்கினேன். பொறுப்பில்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

மின்சாரம் நின்றால் அந்த மெஷின் மெல்லியதாகக் கூவும். கேட்டதா என்று கேட்டீர்கள். மேடம், எந்த இரைச்சலுக்குள்ளிருந்தும் மெலிந்த ஒலியைப் பிரித்தெடுப்பதற்கென்றே பழகிய காது இது. கேட்டது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

தீவு பக்கத்து அறையில் இருப்பது போல் வந்தது. உலகமே அந்தத் தீவுக்காரரை முட்டி மோதிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் இடிப்பது எனக்குப் பிடிக்காது, காத்திருந்தேன். கடைசியில் என் ரேடியோ அடையாளமான அழைப்புக்குறியை அவர் முழுதாகத் திருப்பிச் சொன்னார். ஐந்து-ஒன்பது என்றார். நன்றி சொன்னேன். உடனே எழுந்திருக்கலாம்தான். அவ்வளவு அமைதியை விட்டு எழ மனம் வரவில்லை. சிலிக்காரர் இருக்கிறாரா என்று தேடினேன். இருந்தார். புழு ஒழிந்துவிட்டதாம்.

பிறகு மறக்காமல் சுவிட்சை ஏற்றினேன். மெர்விடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வேலியோரம் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்குகிறவனை எழுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

கோரல் தட்டு நிறைய இறைச்சியோடு வந்தாள். அன்று பரிசு அவளுக்கு. மெர்வ் ஹாலில் குப்புறக் கிடந்தான், சிலிண்டருக்கு ஒரு கை தூரத்தில். உள்ளே நாற்காலிக்குப் பக்கத்தில் மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் டாக்டரும் வேறெதுவும் கேட்கவில்லை. சவப்பெட்டியின் முன்பக்க இடது மூலையை நான் தூக்கினேன். எடையே இல்லை.

அவர்கள் அடுப்பில் இருக்கும் கடிகாரம், கரண்ட் போய் வந்தால் ஆகிற மாதிரி, நேரத்தைத் தொலைத்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்ததாம். கோரல் கேட்டாள், "அன்னிக்கு உன் வீட்லயும் கரண்ட் போச்சா?"

"போச்சு" என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவள் தெரு முழுக்க விசாரித்திருக்கிறாள். வேறு யார் வீட்டிலும் போகவில்லை. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. இத்தனைக்கும் ஜக்கராண்டாவில் கட்டிய என் கம்பியை அவள் இன்னும் அறுக்கவில்லை. மெஷினையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். இவ்வளவு சுத்தமாக என் ஆன்டெனா ஒருநாளும் கேட்டதில்லை.

ஆமாம், மெர்வின் பாஸ்கோ சாகக் காரணம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தீவுக்காரர் எல்லோருக்கும் உபசாரத்துக்குத்தான் ஐந்து-ஒன்பது கொடுத்தார். ஆனால் என்னிடம் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிதானித்தார், மேடம். எனக்கு மட்டும் அவர் உண்மையைத்தான் சொன்னார்.