துனிசியாவில் போட்ட கர்சீப்

சயான் ஸ்டேஷனில், மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறிய இரண்டு தாராவிப் பெண்களுக்கு என் எதிரில் இடம் கிடைத்தது. பச்சைச் சேலைக்காரி உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"துனிசியாவுலயும் போயி கர்சீப்பப் போட்டுட்டாவக்கா, எங்க வீட்டுக்காரவிய."

"தொலைச்சிட்டாவளா?" என்றாள் கண்ணாடி போட்டவள்.

"இல்லக்கா, எடம் புடிக்க! மவன் அனுப்புன டூருல கார்த்தேஜ், சூஸ்னு கடக்கரை ஊரெல்லாம் பாத்துட்டு எல் ஜெம்முக்குப் போனோம். அங்க ரோமாபுரிக்காரன் கட்டுன வட்ட அரங்கு இருக்கு. சுத்திலும் கல்லுப் படி, ஒரு ஈ காக்கா இல்ல. பஸ்ஸு நின்னதும் இவிய எறங்கி ஓடுதாவ. நான் மூச்சு வாங்க மேல ஏறுனா, ஒரு படியில கர்சீப் விரிச்சுக் கெடக்கு. 'சீக்கிரம் உக்காரு, எவனாவது வந்துருவான்'ங்காவ!"

"நீ ஏசலியா?"

"ஏசத்தான் வாயத் தொறந்தேன். ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து ரயில்ல நான் லேடீஸ் டப்பா, அவிய ஜென்ட்ஸ் டப்பா. எனக்குன்னு அவிய எடம் புடிச்சது அன்னைக்குத்தான்."

"அப்புறம்?"

"கல்லு வெயில்ல கொதிச்சுது. உக்காந்துட்டேன்க்கா."